வெள்ளைப் பையில் போன காயிதங்கள்

எங்கள் வீட்டுக் குப்பையைப் பற்றி இந்தச் சந்தில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

மாத்தளை டவுனிலிருந்து அலுவிகாரைக்குப் போகிற பெரிய ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் எங்கள் சந்து. செவ்வாய்க்கிழமை டிரக்டர் வந்தால் உக்கி மண்ணாகிற குப்பை கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை உக்காதது. அதிலும் கடதாசி ஒரு பை, பிளாஸ்டிக் ஒரு பை, போத்தலும் தகரமும் ஒரு பை. நகரசபையில் வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார்கள், மூன்று பாஷையிலும் எழுதி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தத் தாளில் நிறம் போட்டிருந்தார்கள். நிறம் பார்க்கப் படிப்பு எதற்கு? சந்தில் படித்தவர்கள் எல்லாம் சிரட்டையையும் போத்தலையும் ஒரே பையில் திணித்துக்கொண்டிருந்த நாளில், என் பைகள் மூன்றும் கேற்றடியில் வரிசையாக நின்றன.

டிரக்டரோடு ஒரு பெண் வருவாள், டவுனில் கோயிலடியில் இருக்கிற தமிழ்ப் பிள்ளை. மற்ற வீட்டுப் பைகளைக் கிளறிப் பார்ப்பாள், ஏசுவாள். எங்கள் பையைத் திறக்கவே மாட்டாள்.

"அம்மா வீட்டுப் பையைத் தொறந்து பாக்கத் தேவையே இல்லங்க. யோகட் கப்பெல்லாம் அப்பிடி மினுங்குது. திரும்பவும் யோகட் ஊத்தி விக்கலாம்."

"ஊத்தினா முதல் கப்ப இங்க கொண்டு வா. கழுவினது நான்," என்பேன்.

இதில் நன்மை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தில் நாங்கள் குப்பையைப் பெருக்கிப் பின்னால் ஓடுகிற ஓடையில்தான் தள்ளினோம். பொய் சொல்லி என்ன, எல்லோரும் அதைத்தான் செய்தோம். பிறகு சொப்பிங் பேக் வந்தது. அதையும் ஓடையில் தள்ளினோம். ஐப்பசி மழைக்கு ஓடை அடைத்து, தண்ணீர் குசினிக்குள் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகும். பின்னேரம் ஆனால் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் எரிக்கிற புகை. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா இழுப்பு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்காருவாள். இப்போது அந்தப் புகை இல்லை. ஓடையில் தண்ணீர் போகிறது. பீப்பாயில் போட்டு வைத்த மரக்கறித் தோல் மண்ணாகி, அந்த மண்ணில் நான் நட்ட கொச்சிக்காய்ச் செடி இடுப்பளவு நிற்கிறது. அந்த அக்கா அதில் பறித்துக்கொண்டு போகிறாள், கேட்காமலேயே.

கஷ்டமும் இருக்கிறது. மாசி பங்குனியில் பைப்பில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். குடிக்கவே அளந்து வைக்கிற நேரத்தில் கருவாட்டு எண்ணெய் பிடித்த பிளாஸ்டிக்கைக் கழுவிக் காய வைக்க வேண்டும். கழுவாவிட்டால் எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் எலி வரும். ஒரு கிழமை டிரக்டர் வராவிட்டால் கட்டிலுக்குக் கீழேயும் பைதான். ஒரு நாள் நான் பிரித்துக் கொடுத்த மூன்று பையையும் ஒரே குவியலாகப் பெட்டிக்குள் வீசியதை என் கண்ணால் பார்த்தேன். நடு ரோட்டில் இறங்கி நின்று டிரக்டரை மறித்துவிட்டேன். டிரைவருக்குச் சிங்களத்தில் நன்றாகக் கொடுத்தேன். பிறகு அவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாக்குக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் நான் கண்ட பெரிய குறை வேறு. பிரிக்கப் பழகிய கை சும்மா இருப்பதில்லை. ஒரு பொருளைக் கண்டதும் இது எந்தப் பைக்கு என்றுதான் பார்க்கும். இது யாருடையது, எதற்கு இங்கே இருக்கிறது என்று கேட்காது. அப்படித்தான் என் கையே எனக்குச் செய்தது.

அதைச் சொல்வதற்கு முன் நாலாவது பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரசபைக்குத் தெரியாத பை அது. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அரபு எழுத்து உள்ள கடதாசியைக் குப்பையில் போட மாட்டோம். பிஸ்மில்லாஹ் அச்சடித்த கல்யாணக் கார்ட், பிள்ளைகள் ஓதிக் கிழித்த புத்தகம், நோன்பு நேர அட்டவணை, எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணிப் பையில் போட்டு உயரத்தில் ஆணியில் தொங்க விடுவோம். நோன்புக்கு முன்னால் பள்ளிவாசலில் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே சுத்தமான இடத்தில் எரித்து, சாம்பலைக் கால் படாத இடத்தில் புதைப்பார்கள். எங்களுக்கு அதுதான் வழக்கம்.

இனி காயிதங்களுக்கு வருகிறேன்.

பிள்ளைகளின் வாப்பா, என் கணவரை நான் அப்படித்தான் சொல்வேன், லக்கலைப் பக்கம் போய், காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனைக்காரர்களிடம் குரக்கனும் பயறும் செத்தல் மிளகாயும் வாங்கி மாத்தளைக்கு அனுப்புகிறவர். போனால் திரும்பி வர இரண்டு மூன்று கிழமை ஆகும். ஒரு கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்குவார். பஸ் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை. மழை பெய்தால் அந்த ஒன்றும் இல்லை. அங்கிருந்து எனக்குக் காயிதம் எழுதுவார்.

தமிழில் எழுதினால் அந்த நாளில் எனக்கு வாசிக்க வராது. ஆனால் எட்டு வருஷம் குர்ஆன் ஓதப் போனவள் நான், அரபு எழுத்துத் தண்ணி பட்ட பாடு. அதனால் அரபுத் தமிழில் எழுதுவார். எழுத்து அரபு, பேச்சு எங்கள் தமிழ். எங்கள் பெண்கள் அப்போது அப்படி எழுதின பைத்துப் பாட்டுகளையெல்லாம் வாசிப்பார்கள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. பஸ் கண்டக்டர் சிங்களவர், பஸ்ஸில் வருகிற பொடியன்கள் தமிழ் படித்தவர்கள். ஒருத்தருக்கும் அது விளங்காது. உறை ஒட்டத் தேவையில்லை.

உறை எங்கே, தாளே இல்லை. அவருக்குக் கடதாசி வாங்க மனம் வராது. சீனி சுற்றி வந்த மண்நிறக் கடதாசி, சீமெந்துப் பையின் உள்பக்கம், பழைய கலண்டரின் பின்பக்கம், எது கையில் கிடைத்ததோ அதில் எழுதுவார். செமன் மீன் டின்னின் லேபளைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்து, காய வைத்து, அதன் பின்னால் ஒரு முறை எழுதியிருந்தார். மீன் படம் போட்ட காயிதம் இந்த ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கு வந்திருக்கும்?

"ஒரு கொப்பி வாங்கினா என்ன? குப்பையில எழுதி அனுப்புறீங்க," என்று வந்த நேரம் கேட்டேன்.

"கொப்பியில எழுதினா கடைக்காரனுக்கு எழுதின மாதிரி ஈக்கும்," என்றார்.

பெரிய ரோட்டில் பஸ் வேகத்தைக் குறைக்கும். கண்டக்டர் மிதிபலகையில் நின்றுகொண்டு, மடித்த கடதாசியை ஆட்டி, "லக்கலைத் தபால்! லக்கலைத் தபால்!" என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்துவார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு, ஏதோ கடன் கொடுத்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு வாங்குவேன்.

ஒவ்வொரு காயிதத்தின் கடைசியிலும் ஒன்று கேட்பார். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அதில் நீ எழுதி அனுப்பு என்பார். நான் ஒரு முறைகூட எழுதவில்லை. எனக்கு வாசிக்க வரும், எழுதினால் கோழி கிளறிய மண் போல இருக்கும். அவருடைய எழுத்து அச்சுக் கோத்த மாதிரி. அதற்குப் பின்னால் என் கிளறலை வைத்து அனுப்ப எனக்கு ரோசம் விடவில்லை. கண்டக்டரிடம், "எல்லாரும் சுகம்னு சொல்லுங்க," என்று வாயால் சொல்லி அனுப்பினேன். ஊருக்கெல்லாம் சொல்கிற அதே சொல்.

அவர் மவுத்தாகி, அடக்கம் செய்து ஒன்பது வருஷம். காயிதங்கள் ஒரு பால்மா டின்னில் இருந்தன, என் அலுமாரியின் கீழ்த்தட்டில். மாதத்துக்கு ஒரு முறை எடுப்பேன். எல்லாவற்றையும் வாசிக்க மாட்டேன். மீன் படம் போட்டதை மட்டும் வாசிப்பேன். அதில் ஒரு வரி இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

போன நோன்புக்குக் கொஞ்ச நாள் முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை காலை, தகரப் பை வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஒரு போத்தலோ தகரமோ சேரவில்லை. மூன்று பை வைக்கிற வீட்டில் இரண்டு பை வைப்பதா? எனக்கு அது பொறுக்கவில்லை. பால்மா டின் அடியில் துருப்பிடித்திருந்தது உண்மைதான். காயிதங்களை எடுத்து ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தேன். டின்னைக் கழுவித் துடைத்துக் கேற்றடியில் வைத்தேன்.

"இந்த டின்ல மொகம் பாக்கலாம் போல இருக்குங்க," என்றாள் டிரக்டர்காரப் பிள்ளை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று பின்னேரமே யட்டவத்தையிலிருந்து மகள் போன் எடுத்தாள். குளியலறையில் வழுக்கிக் கால் சுளுக்கிவிட்டதாம். உடுப்பைக் கட்டிக்கொண்டு போனேன். பத்து நாள் அங்கே நின்று சமைத்துப் போட்டேன்.

திரும்பி வந்தபோது வீடு நோன்புக்குத் தயாராக வெள்ளையடித்து மினுங்கியது. என்னோடு இருக்கிற மருமகள் சுறுசுறுப்புக்காரி, அவளையும் மகள் என்றுதான் கூப்பிடுவேன். அலுமாரிக்கு மேலே பார்த்தேன். தூசிகூட இல்லை.

"மகள், மேல ஒரு சொப்பிங் பேக் இருந்திச்சே?"

"ஓ, அதுவா மாமி. அரபு எழுத்துக் கடதாசி கொஞ்சம் இருந்திச்சு. பழசு, பிஞ்சி போய். நான் ஒளுவோட எடுத்து வெள்ளப் பையில போட்டேன். முந்தாநாள் பள்ளியில வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க." சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "ஏன் மாமி? ஓதுற கடதாசி இல்லையா?"

குப்பையில் வீசியிருந்தால் நான் அவளை ஏசியிருப்பேன். டிரக்டருக்குக் கொடுத்திருந்தால் சந்தே கேட்க ஏசியிருப்பேன். அவள் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து, பயபக்தியோடு எடுத்து, உயரத்தில் வைத்து அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அரபு ஓதத் தெரியும், அரபுத் தமிழ் என்று ஒன்று இருந்தது தெரியாது. அவள் மேல் என்ன பிழை? டின்னில் இருந்திருந்தால் அவள் தொட்டிருக்க மாட்டாள். டின்னை அனுப்பியது நான்.

"சும்மா கொஞ்சம் கடதாசி," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எரித்திருப்பார்களா, இன்னும் எரிக்கவில்லையா? போய்க் கேட்டால் தெரியும். ஆனால் என்னவென்று கேட்பது? இந்த வயதில், பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிற நேரத்தில், பள்ளிவாசலில் போய் நின்று பிள்ளைகளின் வாப்பா எனக்கு எழுதியது என்று சொல்வதா? போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. எழுந்து அபாயாவைப் போட்டேன்.

"த்ரீவீலுக்குச் சொல்லு மகள்."

மருமகளும் கூட வந்தாள். வழியில் எதுவும் கேட்கவில்லை. அது அவளிடம் உள்ள நல்ல குணம்.

பள்ளிக்குப் பின்னால் மோதினாரின் அறை. பாங்கு சொல்கிறவர், அறுபத்தைந்து இருக்கும். என்னை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார். தொழுகை முடிந்து வரும்வரை வெளியே நின்றோம்.

"தம்பி, வீடுகள்ள எடுத்த அரபுக் கடதாசி எல்லாம் எரிச்சாச்சா?"

"இப்ப எரிக்கிறல்ல ராத்தா. பொக வருதுன்னு அக்கம்பக்கத்தில கரச்சல். இப்ப லொறியில ஏத்தி அனுப்புற. மெசின்ல போட்டுத் தவிடு மாதிரி அரைச்சுடுவாங்க. ஒரு எழுத்தும் மிஞ்சாது. அதுக்குப் பொறகு கூழாக்கி அட்டை செய்ற. ஆலிம்கள்ட கேட்டுத்தான் செய்றோம், பயப்படாதீங்க."

"என்ன அட்டை?"

"முட்டை அடுக்குவாங்களே, அந்த அட்டை."

மருமகள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா என்று திரும்பிப் பார்த்தேன், கண் நிறைந்திருந்தது.

"லொறி போயிட்டா?"

"நேத்துப் போன. ஏன் ராத்தா, முக்கியமான கடதாசியா? தாயத்துக்கு இஸ்மு எழுதினதா?"

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிள்ளைகளின் வாப்பா எழுதியதை இன்னொன்று என்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்குச் சொல்கிற சொல்லை அவருக்குச் சொல்லி அனுப்பியது போதும்.

"காயிதம். புள்ளைகள்ட வாப்பா எனக்கு எழுதினது. அரபுத் தமிழ்ல."

"மாமாவா?" என்றாள் மருமகள், தன்னை அறியாமல். "மாமா காயிதம் எழுதினாரா? உப்பு கூடிட்டு, உப்பு குறைஞ்சிட்டு, இது ரெண்டைத் தவிர மாமா பேசி நான் கேட்டதே இல்லையே!"

மோதினார் அறைக்குள் போனார். ஜன்னல் படியில் இருந்த ஒரு புத்தகத்தைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு மண்நிறக் கடதாசியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மூட்டை கட்டக்குள்ள இது ஒண்டு கீழ விழுந்திச்சு. அரபு எழுத்து நிலத்தில கிடக்கப்படாதேன்னு எடுத்தேன். எங்கட உம்மா அரபுத் தமிழ் வாசிப்பாங்க, எனக்கும் கொஞ்சம் வரும். வாசிச்சுப் பாத்தா யானை வருது, உப்புச் சாக்கு வருது, கோழி வருது. எந்தக் கித்தாபிலயும் இப்பிடி ஒண்டு இல்லையேன்னு யோசிச்சேன்." அவர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "பொறகு வெளங்கிச்சு, யாரோ பொஞ்சாதிக்கு எழுதினதுன்னு. மெசினுக்கு அனுப்ப மனம் வரல்ல. பள்ளியில வெக்கிற சாமானும் இல்ல. கேட்டு ஆரும் வந்தாக் குடுப்பம்னு வெச்சீந்தேன்."

"மத்ததெல்லாம்?"

"எனக்குத் தெரியாமப் போச்சே ராத்தா. தெரிஞ்சீந்தா மூட்டைய அவுத்திருப்பேன்."

மீன் படமா என்று நான் கேட்கவில்லை. கையில் வாங்கும்போதே தெரிந்தது, சீனி சுற்றிய கடதாசி.

த்ரீவீலில் வரும்போது வாசித்தேன். மருமகள் வெளியே பார்த்துக்கொண்டு, காதை என் பக்கம் வைத்திருந்தாள். அதனால் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன்.

"சலாம். நான் சுகம். முந்தாநாள் யானை வந்து கடைக்குப் பின்னால இருந்த உப்புச் சாக்கைக் கிழிச்சிட்டுப் போன. மனிசருக்கு ஒண்டும் இல்ல. பஸ் வாற இல்ல, இது எப்ப வந்து சேருமோ தெரியா. அங்கயும் மழை வரும். கோழிகளை நேரத்தோட அடை, கீரி திரியுது. பின்பக்கம் வெறுமையா ஈக்கி. கடதாசியை வீணாக்காம அதுல நீ எழுதி அனுப்பு."

"இவ்வளவுதானா மாமி?" என்றாள்.

"இவ்வளவுதான்."

இருந்த காயிதங்களில் மிகவும் சாதாரணமானது இதுதான். டின்னில் இருந்தபோது நான் எடுத்துப் பார்க்காதது. அந்த வரி உள்ளது போய்விட்டது. மனப்பாடம்தான், ஆனால் மனப்பாடத்தில் அவருடைய கை இல்லை. அரபில் 'ல' எழுதும்போது பேனையை மேலே இழுத்துக் கொஞ்சம் வளைப்பார். அந்த வளைவை எங்கே போய்ப் பார்ப்பது?

நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் செய்ய முட்டை வாங்கக் கடைக்குப் போனேன். சாம்பல் நிற அட்டையில் முட்டைகள் அடுக்கியிருந்தன. அட்டையின் மேட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது.

"என்ன உம்மா, முட்டை வெடிச்சீக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. அட்டையோட தாங்க."

அந்த அட்டை இப்போதும் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. அதில் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். லொறி எங்கே போனதோ, அட்டை எங்கிருந்து வந்ததோ. மருமகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடதாசிப் பை கட்டுகிறாள். அந்த அட்டையைத் தொடுவதில்லை. கேட்பதும் இல்லை. ஆனால் வீட்டில் எதை எடுத்தாலும், "மாமி, இது போகட்டுமா?" என்று ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் பையில் போடுகிறாள். சில நேரம் எரிச்சலாக இருக்கும். வாழைப்பழத் தோலுக்குமா கேட்பது?

நான் இப்போதும் பிரிக்கிறேன், கழுவுகிறேன். ஓடை ஓடட்டும், பக்கத்து வீட்டு அக்கா மூச்சு விடட்டும். தகரப் பை வெறுமையாக இருந்தால் வெறுமையாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். இரண்டு பை வைத்த முதல் வெள்ளிக்கிழமை டிரக்டர்காரப் பிள்ளை, "என்னங்க அம்மா, இன்னைக்கு தகரம் இல்லையா?" என்று கேட்டாள். "இல்ல," என்றேன். அவ்வளவுதான், அவள் போய்விட்டாள்.

இதை எழுதுவதற்குப் பல நாள் எடுத்தது. தமிழ் எழுத்து என் பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்துப் பழகியது. பிழைகளை மருமகள் திருத்தித் தருகிறாள், சிரிக்காமல். எழுதி எழுதிக் கை கொஞ்சம் பழகிவிட்டது. நேற்று மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு, அவரது கடதாசியை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். அவர் விட்டபடியே இருந்தது, ஒரு கறைகூட இல்லை. பேனையை எடுத்து, வலமிருந்து இடமாக, அரபு எழுத்தில் எழுதினேன். கோழி கிளறியது போலத்தான் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

கோழிகளை அடைச்சிட்டேன். இங்கயும் மழைதான். பஸ் வந்த உடனே வாங்க.